பண்டத்தின் நிறமும் பரிசோதனைக் கூடமும்



திருவிழாவில் குழந்தைகள் விரும்பிக் கேட்கும் பஞ்சு மிட்டாயை நாமும் மகிழ்ந்து வாங்கித் தருகிறோம். அதன் நிறம் எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை. 2024 பிப்ரவரியில் அரசு ஆய்வுக்கூடத்தில் அதனைச் சோதித்தபோது, துணிக்கு ஏற்றும் ரோடமின்-பி என்னும் சாயம் கலந்திருப்பது தெரியவந்தது. தமிழ்நாடு அரசும் அதன் விற்பனையைத் தடை செய்தது.

செயற்கை நிறம் அனைத்தையும் சட்டம் விலக்கவில்லை. டார்ட்ரசின் முதலிய 8 நிறங்களைக் குறிப்பிட்ட சில பண்டங்களில் மட்டும், பெரும்பாலும் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மிகாமல் சேர்க்கலாம். மஞ்சள் தூளிலும் பருப்பிலும் எச்சாயமும் கூடாது. ஆயினும் மட்டமான சரக்கிற்கு மெட்டானில் மஞ்சள் என்னும் சாயத்தால் மெருகேற்றி விற்போர் உளர். இதனால் உண்பவர் உடல் கெடுகிறது. நல்ல மஞ்சளை விளைவித்த உழவரோ விலையை இழக்கிறார்.

ஏற்ற நிறமும் விலக்கிய நிறமும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். ஆகவே ஆய்வுக்கூடம் வேண்டியிருக்கிறது. அங்கே பண்டத்தின் கரைசலில் சிறிது அமிலம் சேர்த்து, வெள்ளைக் கம்பளி நூலை இட்டுக் கொதிக்க வைப்பர். அமிலச் சாயம் நூலில் ஏறிக்கொள்ளும். நூலைக் கழுவி, நீர்த்த அம்மோனியாவில் இட்டால் சாயம் கழன்று வரும். அதனை மீண்டும் அமிலமாக்கிப் புதிய நூலை இட்டால், அதிலும் ஏறும். இயற்கை நிறங்கள் பொதுவாக இவ்வாறு இரண்டாம் முறை ஏறுவதில்லை. பின்னர் அச்சாயத்தை வடிதாளில் புள்ளியாக வைத்து, கரைப்பான் மேலேறும்போது அது செல்லும் தூரத்தை அறிந்த சாயங்களுடன் ஒப்பிட்டு, இன்னது என்று முடிவு செய்வர்.

இச்சோதனை அதிகாரிகளுக்கு மட்டும் உரியதன்று. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், 40ஆம் பிரிவின்படி, பண்டத்தை வாங்கும் எவரும் கட்டணம் செலுத்திச் சோதிக்கச் செய்யலாம். வாங்கும்போதே அக்கருத்தைக் கடைக்காரரிடம் கூறிவிட வேண்டும். குற்றம் தெரியவந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

விற்பவரும் நம் ஊராரே, எவ்வாறு கண்டிப்பது என்று உறுப்பினர் சிலர் தயங்கலாம். அறியாமல் சாயப்பொடி வாங்குவோரும் உண்டு. ஆதலால் திருவிழாவிற்கு முன்னரே அவர்களை அழைத்து எடுத்துரைப்போம். அதன் பின்னும் கேளாதவரைப் பற்றி உணவுப் பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிவிப்போம். அவர் பிழைப்பைக் காட்டிலும் நம் குழந்தைகளின் உடல்நலம் பெரிதன்றோ?

பளபளப்பைத் தேடி வாங்கும் வழக்கத்தை நாம் விட்டால், சாயம் கலப்போருக்கும் ஆதாயம் இராது. அம்மாற்றத்தை நம் வீட்டு அடுக்களையிலிருந்தே தொடங்குவோமாக!