கஞ்சித் தொட்டியும் பின்னல் திண்டும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், சங்கரன்கோவிலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுக் காலம் திங்கள்தோறும் கூடித் தமிழை நுகர்ந்துவரும் இவ்வட்டத்தார், ‘வறுமை நீக்கத்தில் கிறித்தவ அறநிறுவனங்களின் பணி’ என்னும் தலைப்பை எனக்கு அளித்தபோது சற்றே தயங்கினேன். நான் அச்சமயத்தைச் சார்ந்தவன் அல்லேன். அரனும் அரியும் ஓருருவாய் நிற்கும் இவ்வூரில் பிறந்து, ஆடித்தபசுக் கூட்டத்தில் தந்தையார் தோளிலிருந்து தேர் பார்த்து வளர்ந்தவன். இதனைச் சொன்னேன். “அதனால்தான் ஐயா உங்களைக் கேட்கிறோம்” என்றார் செயலாளர். அதற்குமேல் மறுக்க எனக்கு வாய் எழவில்லை.

தமிழாசிரியனாக இருந்தவன் எங்கே தொடங்குவான்? வள்ளுவத்தில்தான். திருக்குறளில் ஒப்புரவறிதல் 22ஆம் அதிகாரம். ஈகை 23ஆம் அதிகாரம். கொடுத்தலைப் பேச ஓர் அதிகாரம் போதாதென்று இரண்டு வைத்தார். வாங்குபவன் பக்கமும் அவ்வாறே. 106இல் இரவு, அடுத்ததாக 107இல் இரவச்சம். கேட்கலாம் என்று ஒருமுறை சொல்லிவிட்டு, கேட்க அஞ்சு என்று உடனே சொல்கிறார். இது முரண் என்று மாணவப் பருவத்தில் எண்ணினேன். கொடை என்னும் செயலில் கொடுப்பவனைவிட வாங்குபவன் நிலையே சிக்கலானது என்பதை அவர் அறிந்திருந்தார் என்று இப்போது எண்ணுகிறேன். ஈகையில் ஒருவன் கை மேலே, மற்றவன் கை கீழே. ஒப்புரவில் இரு கையும் ஒரே மட்டத்தில் வரவேண்டும். இச்சொல்லை நான் பொருள்கொள்ளும் முறை இது. புலவர் பெருமக்கள் மாறுபடலாம். நம் நெல்லைச் சீமையில் இருநூறாண்டுக் காலம் நடந்த கிறித்தவ அறப்பணியை இவ்வளவுகோலைக் கொண்டே இன்று அளந்து பார்க்க விழைகிறேன்.

இரேனியஸ் ஐயரை நீங்கள் இலக்கணக்காரராக அறிவீர்கள். 1832ஆம் ஆண்டு ‘பூமி சாஸ்திரம்’ என்னும் நூலைத் தமிழில் எழுதி, அறிவியலுக்குத் தமிழ் உரைநடையில் வழி திறந்தவர் அவர். செருமானியரான அவர் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்தார். அக்காலத்தில் புதிதாகச் சமயம் மாறிய ஏழைக் குடிகள், குடியிருந்த மண் பிறருடையதாக இருந்தமையால், அங்கிருந்து எழுப்பப்பட்டனர். மண் இல்லாதவனுக்குச் சமயமும் இல்லை, சொல்லும் இல்லை. இதற்கு மருந்தாக 1830ஆம் ஆண்டு ‘தர்ம சங்கம்’ தோன்றியது. நிலம் வாங்கி, வீடு கட்டி, விரட்டப்பட்டோரைக் குடியமர்த்துவது அதன் வேலை. வெளிநாட்டுப் பொருளும் வந்ததுண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து டோனாவூர், பிரஷ்ய நாட்டுப் பிரபு டோனா என்பார் அனுப்பிய பொருளால் அமைந்து அவர் பெயரையே தாங்கியது. ஆனால் தர்ம சங்கத்தில் நான் வியப்பது வேறு. உள்ளூர்ச் சபையாரும் அதற்குப் பொருள் தந்தனர். நேற்று வீடிழந்தவன் நாளை வீடிழப்பவனுக்காகக் காசு போட்டான். பிற்காலத்தில் இப்பக்கத்துச் சபைகளில் பெண்கள் உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் எடுத்துவைக்கும் வழக்கம் பரவியதற்கும் இந்த மனமே அடிப்படை என்பேன்.

இனி, தாது வருடப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சுட்டெரித்த பஞ்சம் அது. இறந்தோர் பல இலட்சம் பேர். பெல்லாரி, கடப்பை மாவட்டங்கள் போல நெல்லைச் சீமை அழிந்துபடவில்லை; தாமிரவருணி ஒருபுறம் காத்தாள். அவள் நீர் எட்டாத வறண்ட நிலத்தைக் காப்பார் இல்லை. நிவாரண வேலைக்கு வந்த ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று விதித்தார் ரிச்சர்ட் டெம்பிள் என்னும் அதிகாரி. மண் சுமக்கும் உடலுக்கு அது போதாதென்று அக்காலத்திலேயே மருத்துவர்கள் வாதிட்டனர்.

கவிஞர்கள் நிறைந்த அவை இது. ஆதலால் இங்கே சற்று விலகிச் செல்ல அனுமதி வேண்டுகிறேன். அப்பஞ்சம் தமிழ்க் கவிதைக்குள்ளும் நுழைந்தது. சிவகங்கைப் புலவர் வில்லியப்ப பிள்ளை ‘பஞ்சலட்சணத் திருமுக விலாசம்’ பாடினார். பசித்த மக்கள் மதுரைச் சொக்கநாதரிடம் முறையிட, அவர் சிவகங்கை மன்னருக்குத் திருமுகம் ஒன்று எழுதிக் கொடுத்து அனுப்புவதாக அமைந்த நூல். கடவுளே சிபாரிசுக் கடிதம் எழுத நேர்ந்த காலம்! இதைவிடக் கூர்மையாகப் பஞ்சத்தை எவர் எள்ளினார்? அதே பஞ்சத்தில் மாயூரத்தில் முன்சீப் வேதநாயகம் பிள்ளை தம் கைப்பொருளைச் செலவிட்டுக் கஞ்சி வார்த்தார். 1879இல் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வெளியிட்ட அவரேதான். அவர் கத்தோலிக்கர். அவர் கொடையைப் புகழ்ந்து கீர்த்தனை பாடியவரோ நந்தனார் சரித்திரம் தந்த சிவபக்தர் கோபாலகிருஷ்ண பாரதியார். பசி தீர்த்தவனைப் பாடுகையில் பாரதியார் சமயக் கணக்குப் பார்க்கவில்லை.

நம் சீமைக்குத் திரும்புவோம். 1877, 1878 ஆகிய ஆண்டுகளில் இங்கே மிஷன் ஊர்களில் நிவாரணம் நடந்தது. அதே ஆண்டுகளில் பல்லாயிரவர் திருச்சபையில் சேர்ந்தனர். கஞ்சிக்காக மதம் மாறினார்கள் என்ற ஏச்சு அன்றிலிருந்து இன்றுவரை ஓயவில்லை. ஏசுபவர்களை நான் ஒன்று கேட்பேன்: அவன் பசித்துக் கிடந்தபோது உங்கள் வீட்டு உலை எங்கே எரிந்தது? பாராட்டுபவர்களையும் ஒன்று கேட்பேன்: நிரம்பிய வயிற்றோடு அவன் ‘வேண்டாம்’ என்று சொல்லியிருக்கக்கூடுமா? இக்கேள்வியிலிருந்து கால்டுவெல் ஐயரும் ஒளிந்துகொள்ளவில்லை. வருபவர் எல்லாரும் தூய ஆன்மிக நோக்கத்தாலேயே வருகின்றனர் என்று தாம் நம்பவில்லை என்பதை, பஞ்சத்திற்கு இருபதாண்டு முன்பே அவர் வெளிப்படையாக எழுதியிருந்தார்.

கால்டுவெல் என்றதும் 1856ஆம் ஆண்டின் ஒப்பிலக்கணம் நம் நினைவில் எழும். சென்னைக் கடற்கரைச் சிலையும் எழும். 1841 முதல் அவர் வாழ்ந்த இடையன்குடி எழுவதில்லை; அவர்தம் துணைவியார் எலைசா அம்மையார் எழுவதேயில்லை. அம்மையாரின் தாயார் மார்த்தா மால்ட், நாகர்கோவிலில் 1820களிலேயே ஏழைப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தவர். அன்று திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்தது. 1855இல்தான் அது முற்றிலும் ஒழிந்தது. பின்னல் கூலியைச் சேர்த்துத் தம் விடுதலையைத் தாமே விலைகொடுத்து வாங்கிய பெண்கள் அங்கே இருந்தனர் என்று மிஷன் வரலாறுகள் கூறும். இந்தக் கலையை எலைசா அம்மையார் இடையன்குடிக்குக் கொண்டுவந்தார்.

அவ்வேலையை நான் நேரில் கண்டிருக்கிறேன். மடியில் உருண்டையான திண்டு. அதன்மேல் துளையிட்ட காகித வரைவு. வரைவின்மேல் வரிசையாகக் குண்டூசிகள். நூல் சுற்றிய சிறு கட்டைகள் இருபது முப்பது, இருபுறமும் தொங்கும். இரு கைகளும் அவற்றை மாற்றி மாற்றி எறிய, கட்டைகள் ஒன்றோடொன்று மோதும் ஒலி மெல்லிய தாளம்போலக் கேட்கும். ஒரு சாண் பின்னலுக்கு எத்தனை நாழிகை என்று கேட்டேன். பின்னியவர் சிரித்தாரே தவிர விடை சொல்லவில்லை. பனைத்தொழில் ஆண்டில் சில திங்கள்தான் சோறிடும். பதநீர் வற்றிய நாள்களில் அடுப்பெரிய வைத்தது இப்பின்னல். கஞ்சித் தொட்டி உயிரைக் காத்தது; அதனை நான் குறைத்துப் பேசேன். ஆயினும் தொட்டியருகே நின்றவள் ஏந்தினாள். திண்டின்முன் அமர்ந்தவள் கூலி வாங்கினாள்.

நாசரேத்திலும் இதனைக் காணலாம். 1876இல் அவ்வூருக்கு வந்த மர்காஷிஸ் ஐயர், பஞ்சத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளைச் சேர்த்தார். சோறு போட்டு நிறுத்தியிருந்தால் அவர்கள் அநாதைகளாகவே வளர்ந்திருப்பர். 1878இல் அங்கே கலைத் தொழிற்பள்ளி எழுந்தது. தச்சும் கொல்லும் நெசவும் கற்றுத் தொழிலாளிகளாக வெளிவந்தனர். 1890இல் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர்க்குப் பள்ளி தொடங்கியதையும் இவ்வரிசையிலேயே வைக்கவேண்டும்.

இவ்வளவும் சொல்லி அமர்ந்தால் உரை இனிதாக முடியும், உண்மையாக முடியாது. பனைத்தொழில் மக்களிடையே உழைத்த அதே கால்டுவெல், 1849இல் அவர்களைப் பற்றி ஒரு சிறுநூல் வெளியிட்டார். அறிவிலும் பண்பிலும் தாழ்ந்தோராக அது அவர்களைக் காட்டியது. அம்மக்களிடமிருந்தே சட்டம்பிள்ளை என்பார் எழுந்தார், கிறித்தவர், கற்றவர். வெள்ளையர் பணமும் வேண்டாம், பரிவும் வேண்டாம் என்று 1857இல் நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில் தனித் திருச்சபையே அமைத்துவிட்டார். உதவி பெற்றவன் நன்றி மறந்தான் என்று சிலர் எழுதினர். நான் அவ்வாறு கருதவில்லை. சோற்றை ஏற்றவன், அதனோடு சேர்த்துப் பரிமாறப்பட்ட இழிவை ஏற்க மறுத்தான்.

இதே குரல் பின்னர் உலக அவையில் ஒலித்தது. வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வே. ச. அசரியா, 1903இல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியோருள் ஒருவர். நெல்லைச் சபையார் தம் காசைக்கொண்டு தெலுங்கு நாட்டு டோர்ணக்கலுக்கு ஊழியரை அனுப்பினர். 1910இல் எடின்பரோவில் உலக மிஷன் மாநாடு கூடியது. வந்திருந்தோருள் பெரும்பாலோர் மேலைநாட்டார். முப்பத்தைந்து வயதுத் தமிழர் எழுந்தார். ஏழைகளுக்காக உங்கள் பொருளைத் தந்தீர்கள், உயிரையும் தந்தீர்கள். நாங்கள் கேட்பது அன்பு, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்னும் கருத்துப்படப் பேசினார். அவையில் பலர் முகம் சுளித்தனர். இரண்டாண்டு கழித்து அவரே ஆங்கிலிக்கச் சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் இப்பணி பெருநிறுவனங்களின் கைக்கு வந்தது. ஐரோப்பிய அகதிகளுக்கென 1945இல் பிரிட்டனில் முளைத்த அமைப்பு, கிறிஸ்டியன் எய்டு என்று ஆப்பிரிக்கா, ஆசியா எங்கும் பரந்தது. 1950இல் அமெரிக்காவில் தோன்றிய வேர்ல்டு விஷன், கொரியப் போரின் அநாதைகளிலிருந்து தொடங்கி, ஒரு குழந்தைக்கு ஒரு புரவலர் என்னும் முறையைப் பரப்பியது. குழந்தையின் படம் கடல் கடந்து செல்லும். பணம் கடல் கடந்து வரும். 1984இல் எத்தியோப்பியப் பஞ்சத்தின் எலும்புருவங்களை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. பசித்தவனை இப்படிக் காட்டலாமா என்ற கேள்வி வலுத்து, 1989இல் ஐரோப்பியத் தொண்டு நிறுவனங்கள் படங்களுக்கென்றே ஒரு நடத்தை நெறி வகுத்தன.

அச்செய்தியைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. காரணம் சொல்கிறேன். 1960களில், ஊரின் பெயர் வேண்டாம், நான் படித்த தொடக்கப்பள்ளியில் நண்பகலில் மக்காச்சோள உப்புமாவும் பால்பவுடர்ப் பாலும் தருவார்கள். எந்த நிறுவனத்தின் கொடை என்பதும் இங்கே வேண்டாம். ஒருநாள் வெளியூரிலிருந்து சிலர் காமிராவோடு வந்தனர். சட்டை போட்டிருந்தவர்களைப் பின்வரிசைக்கு அனுப்பினர். அன்று என்னிடம் சட்டை இருந்தது, கழற்றச் சொன்னார்கள். கழற்றினேன். காலித் தட்டை மார்புக்கு நேரே ஏந்தி நிற்கச் சொன்னார்கள். ஏந்தினேன். படம் எடுத்து முடியும்வரை எவருக்கும் பரிமாறவில்லை.

எங்கள் தெருவைச் சேர்ந்த ஆச்சி ஒருத்திதான் அங்கே சமையல். வந்தவர்கள் காரேறிப் போனபின் அவள் என் சட்டையைத் தரையிலிருந்து எடுத்து உதறினாள். “போடுய்யா முதல்ல. அப்புறம் சாப்பிடலாம்” என்றாள். பொத்தான் மாட்டும்வரை கரண்டியை எடுக்கவில்லை. எல்லாருக்கும் பரிமாறியபின், தன் வட்டிலில் அதே உப்புமாவை இட்டுக்கொண்டு எங்கள் வரிசையிலேயே, என் பக்கத்திலே, சம்மணமிட்டு உட்கார்ந்தாள். “இன்னைக்கு உப்பு கூடிப்போச்சு, இல்லய்யா?” என்று கேட்டாள்.