வரையறுத்தலும் கல்நாட்டலும்



ஆங்கிலத்தில் 'டிமார்க்கேசன்', 'டிலிமிட்டேசன்' என இரு சொற்கள் உள. இரண்டிற்குமே 'எல்லை வரையறுத்தல்' என்று தமிழாக்குவோர் பலர். அது பெரும்பிழை.

முதற்சொல்லின் வேர் 'மார்க்கு'. செருமானிய மொழிகளில் அதன் பழம்பொருள் எல்லை என்பதே. அடையாளம் என்னும் பொருள் பின்னர்க் கிளைத்தது. டென்மார்க்கு நாட்டின் பெயரீற்றில் நிற்பதும் அவ்வேரே.

அச்சொல் உலக வழக்கிற்கு வந்த வரலாறு நகைப்பிற்குரியது. 1493-இல் போப்பரசர் ஆறாம் அலெக்சாந்தர் அட்லாண்டிக்கு மாகடலின்மீது ஒரு கோடு கிழித்தார். மறு ஆண்டே இசுபானியரும் போர்த்துகீசியரும் தோர்தெசிலாசு என்னும் ஊரில் உடன்படிக்கை செய்து, அக்கோட்டைக் கேப்வெர்தே தீவுகளுக்கு 370 லீக்கு மேற்கே தள்ளிக் கொண்டனர். மேற்கே கிடைப்பவை ஒருவர்க்கு. கிழக்கே கிடைப்பவை மற்றவர்க்கு! ஆங்கு வாழ்ந்த மக்களைக் கேட்டார் எவருமிலர். எத்தீவினின்று அளப்பது, ஒரு லீக்கின் நீளம் யாது என்பனவும் அவ்வுடன்படிக்கையில் இல்லை. கடலில் நெட்டாங்கைச் செம்மையாய் அளக்கும் கருவியும் அந்நாளில் இல்லை. குறி நாட்டவே இயலாத அக்கோட்டிற்கு இசுபானியர் சூட்டிய பெயரே, குறியிட்டு எல்லை காட்டுதல் என்னும் இச்சொல்!

'டிலிமிட்டேசன்' என்பதன் வேரோ இலத்தீனத்து 'லீமெசு'. வயல்களினூடே செல்லும் வழி. நம் உழவரின் வரப்பும், அதனோடு உறவுடைய வரம்பும் ஈண்டு நினைக்கத் தக்கன.

எல்லை பற்றி எழுதும் அறிஞர் இவ்விரண்டையும் பிரித்தே ஆள்வர். உடன்படிக்கையிலும் வரைபடத்திலும் எல்லையைச் சொல்லால், கோட்டால் உறுதி செய்வது ஒன்று. நிலத்தின்மேல் தூணும் கல்லும் நடுவது மற்றொன்று. 1914-இல் வரைபடத்தில் கிழிக்கப்பட்ட மக்மகான் கோடு முன்னதற்குச் சான்று. இந்தியாவும் சீனமும் கூடி நின்று அதற்குக் கல் நட்டதில்லை.

இவ்வேறுபாடு நம் சிற்றூரார்க்குப் புதிதன்று. நிலத்தின் ஆவணத்தில் நான்கெல்லை எழுதப்படும். (அதனைச் 'சக்குபந்தி' என்னும் அயற்சொல்லால் வழங்குவோர் இன்றும் உளர், நான்கெல்லை என்பதில் என்ன குறை கண்டனரோ!) பின்னர் நில அளவர் வந்து கல் நடுவார். ஆவணம் எழுதியாயிற்று என்பதனால் கல் நட்டாயிற்று என்று எந்த உழவரும் கொள்ளார். மொழிபெயர்ப்பாளர் இரண்டையும் ஒரே சொல்லால் குறித்துவிட்டால், வழக்குமன்றத்தில் இடர்ப்படுவோர் அவ்வுழவரே.

ஆதலின் முன்னதை 'வரையறுத்தல்' என்றும், பின்னதை 'எல்லைக்கல் நாட்டல்' என்றும் வேறுபடுத்தி வழங்குக. தேர்தல் தொகுதிகளின் எல்லையில் எவரும் கல் நடுவதில்லை. ஆண்டுத் 'தொகுதி வரையறை' என்பதே பொருந்தும்.