ஒரு ஸ்பூன் பொடியும் ஒரு கட்டுக் கீரையும்

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் நலவாழ்வுக் குழு சார்பில் பேசியது)



போன கூட்டத்தில் சில குழுக்கள் ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள். முருங்கை இலைப் பொடி, சுருள்பாசி மாத்திரை இதெல்லாம் சாப்பிட்டால் ரத்தசோகை போய்விடுமா, குழுக்கள் சேர்ந்து மொத்தமாக வாங்கலாமா என்று. சங்கத்தில் உள்கடன் எடுத்தாவது வாங்கலாம் என்றுகூட ஒரு பேச்சு இருந்தது. பணம் சம்பந்தப்பட்ட விஷயம், உடம்பு சம்பந்தப்பட்ட விஷயம். அதனால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேச வந்திருக்கிறோம்.

முதலில் நம்ம நிலைமை. 2019-21ல் நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100க்கு 53 பேருக்கு ரத்தசோகை. அப்படிப் பார்த்தால் இந்தக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் நம்மில் பாதிப் பேர். படி ஏறினால் மூச்சு வாங்குது, களை எடுக்கும்போது கண் இருட்டுது, எப்பவும் அசதி. "வெயில்ல நின்னேன், அதான்" என்று நாமே ஒரு காரணம் சொல்லிக் கொள்கிறோம். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறையக் கூடாது, கர்ப்பிணிக்கு 11க்குக் குறையக் கூடாது. நம்ம நம்பர் எவ்வளவு என்று எத்தனை பேருக்குத் தெரியும்? பாஸ்புக்கில் இருக்கிற பாக்கி தெரிகிறது, இது தெரிவதில்லை.

இப்போது பொடிக்கு வருவோம். முருங்கை இலை நல்ல இலை, அதில் சந்தேகமே இல்லை. 100 கிராம் பச்சை இலையில் சுமார் 6 கிராம் புரதம், 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து, நாலரை மில்லிகிராம் இரும்புச் சத்து இருக்கிறது. கண்ணுக்கு வேண்டிய வைட்டமின் ஏ சத்தும் இருக்கிறது. ஆனால் பொட்டலத்தில் "பாலக்கீரையைவிட 25 மடங்கு இரும்பு" என்று போடுகிறார்களே, அது காய்ந்த பொடியைப் பச்சைக் கீரையோடு ஒப்பிட்டுச் சொல்வது. பச்சை இலையில் நாலில் மூணு பங்கு தண்ணீர். தண்ணீர் போனால் எல்லாச் சத்தும் சுருங்கி எடைக்கு அதிகமாகத்தான் தெரியும். நெல்லிக்காயை உலர்த்தி வற்றலாக்கினாலும் இதே கதைதான்.

ஒரு டீஸ்பூன் பொடி ஏறக்குறைய 3 கிராம். அது 12 கிராம் பச்சை இலைக்குச் சமம். உள்ளங்கையில் ஒரு பிடிகூட வராது. அதில் இரும்புச் சத்து அரை மில்லிகிராம்தான். நமக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 29 மில்லிகிராம் என்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020ல் சொல்லியிருக்கிறது. காய வைக்கும்போது வைட்டமின் சி பெரும்பாலும் போய்விடுகிறது என்பதையும் சேர்த்துக் கொள்ளுங்கள்.

சுருள்பாசியும் அப்படித்தான். பாதிக்கு மேல் புரதம் என்பது உண்மை. ஆனால் ஒரு நாளைக்கு 2, 3 கிராம் மாத்திரை சாப்பிட்டால் உள்ளே போகிற புரதம் 2 கிராம்கூட இல்லை. ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. முட்டை விலையும் மாத்திரை டப்பா விலையும் நம்ம எல்லோருக்கும் தெரியும். அதில் பி12 இருக்கிறது என்று விற்கிறவர்கள் சொல்வார்கள். அதில் பெரும்பங்கு நம்ம உடம்புக்குப் பயன்படாத வகை.

பொடியே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. மழைக்காலத்தில், கீரை கிடைக்காத நாளில், கீரையைப் பார்த்தாலே ஓடுகிற பிள்ளைகளுக்கு இட்லிப் பொடியிலும் அடை மாவிலும் கலந்து கொடுக்க நல்லதுதான். அதைக் காசு கொடுத்து வாங்குவானேன்? நம்ம அரவக்குறிச்சிப் பக்கம் காய்ப்பு முடிந்து மரத்தைக் கவாத்து பண்ணும்போது அத்தனை தழையும் ஆட்டுக்குத்தானே போகிறது! பூச்சி மருந்து அடித்து நாளாகாத மரத்தை மட்டும் விட்டுவிடுங்கள். இலையை உருவி, இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, வடிகட்டி, வீட்டுக்குள் நிழலில் வெள்ளைத் துணியில் பரப்புங்கள். வெயிலில் போட்டால் பச்சை நிறமும் போகும், வைட்டமின் ஏ சத்தும் போகும். கையில் நொறுங்கும் பதம் வந்ததும் மிக்ஸியில் அரைத்து, சலித்து, ஈரமில்லாத டப்பாவில் இறுக மூடி இருட்டான இடத்தில் வைக்கலாம். விற்பனைக்குச் செய்கிற குழுக்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்யாமல் பொட்டலம் போட வேண்டாம்.

வாரத்தில் மூணு நாலு நாளாவது கீரை பொங்கிச் சாப்பிடுவதுதான் முக்கியம். முருங்கை மட்டும் இல்லை, அரைக்கீரை, சிறுகீரை, பொன்னாங்கண்ணி, வரப்பில் தானாக வருகிற குப்பைக்கீரை, எதுவானாலும். பருப்பு சேர்த்துக் கடையுங்கள், ஒரு ஸ்பூன் எண்ணெயில் தாளியுங்கள், எண்ணெய் இல்லாமல் வைட்டமின் ஏ சத்து உடம்பில் சேராது. வெந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். இறக்கிய பிறகு அரை எலுமிச்சை பிழியுங்கள். இல்லையென்றால் சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ கடித்துக் கொள்ளுங்கள். கீரையில் இருக்கிற இரும்பை உடம்பு பிடித்துக் கொள்ள இந்தப் புளிப்புதான் உதவுகிறது. சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதுதான் கெடுக்கிறது. ஒரு மணி நேரம் பொறுத்துக் குடியுங்கள். டீயை விடச் சொன்னால் யாரும் கேட்க மாட்டீர்கள் என்று தெரியும்!

கீரை மட்டும் போதாது. கம்பு, கேழ்வரகு, உளுந்து, கொண்டைக்கடலை, முட்டை, முடிந்த வாரம் மீனோ ஈரலோ, இவை சேர்ந்தால்தான் அந்த 29 கிட்ட வரும்.

இன்னொன்று. கீரை கடைந்த நாளில் வீட்டுக்காரருக்கு, மாமனாருக்கு, பிள்ளைகளுக்குப் பரிமாறிவிட்டு, சட்டியில் ஒட்டியதை வழித்து ரெண்டு வாய் போட்டுக்கொள்வது யார்? மாதாமாதம் ரத்தம் போவது நமக்கு, பிள்ளை பெறுவது நாம். நம்ம பங்கை முதலிலேயே ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட்டு அப்புறம் பரிமாறினால் என்ன? மாமியார் ஒரு பார்வை பார்ப்பார்கள். மாமியாருக்கும் ஒரு கிண்ணம் எடுத்து வையுங்கள், அவர்களும் இத்தனை வருஷம் சட்டியை வழித்தவர்கள்தான்.

ரத்தசோகை ஏற்கெனவே இருந்தால் உணவு மட்டும் சரிப்படுத்தாது. பொடியும் மாத்திரைக்கு மாற்று இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிற ஒரு சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது, இலவசம். நம்ம ஸ்பூன் கணக்கில் 120 ஸ்பூன்! மலம் கறுப்பாகப் போகிறது, வயிறு புரட்டுகிறது என்று தூக்கிப் போடாதீர்கள், செவிலியரிடம் சொன்னால் எப்போது எப்படிச் சாப்பிடுவது என்று மாற்றிச் சொல்வார்கள். அதிகமாக உதிரம் போனாலும், குடலில் புழு இருந்தாலும் ரத்தம் குறையும். அதற்கு வைத்தியம் வேறு. கர்ப்பிணிகளும், சர்க்கரைக்கோ பிரஷருக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் எந்தப் பொடியையும் கேப்சூலையும் டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

மொத்தமாக வாங்குவது பற்றி எங்கள் குழுவின் கருத்து, வேண்டாம் என்பதே. அந்தப் பணம் சேமிப்பிலேயே இருக்கட்டும். அதற்குப் பதிலாக ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்துக்குள் எல்லா உறுப்பினருக்கும் ஹீமோகுளோபின் பார்த்து, யார் பார்த்தார்கள், யார் பார்க்கவில்லை என்று மட்டும் தீர்மான நோட்டில் எழுதி வாருங்கள். நம்பரை எழுத வேண்டாம், அது அவரவர் சொந்த விஷயம். கிராம சுகாதார செவிலியர் சகோதரி இங்கேயே உட்கார்ந்திருக்கிறார். எந்தக் கிழமை எந்த ஊருக்கு வருவார் என்று இப்போதே கேட்டுக் கொள்ளுங்கள்.