அட்டைப்படமும் கறுத்த முகமும்



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில், நடிகையரும் பாடகியரும் பகட்டாகக் காட்சி தரும் பேஷன் பத்திரிகைகளைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஒரு முகம் எவ்வாறு காட்டப்பட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை யாருடையது? அங்கும் வழக்கு இதுவே. ஆதலின் பேசத் துணிந்தோம்.

அமெரிக்காவின் ‘வோக்’ ஏடு 1892இல் தொடங்கப்பெற்றது. அதன் அட்டையில் இடம்பெறுவது புகழுக்கு இடப்பட்ட முத்திரை. கறுப்பினப் பெண்ணொருவரின் முகம் அவ்வட்டையில் முதன்முறையாக வந்தது 1974 ஆகஸ்டில். அவர் பெவர்லி ஜான்சன். முகம் வருவதற்கு 82 ஆண்டுகள். அட்டைப்படத்தை எடுக்கும் கையும் கறுப்பினத்தவர் கையாக இருப்பதற்கு மேலும் 44 ஆண்டுகள்!

தகுதியுடையோர் இல்லாமற் போயினரா? கார்டன் பார்க்ஸின் வரலாற்றைச் சற்று விரித்துரைக்க விரும்புகிறோம். 1912இல் கான்சஸ் மாநிலத்தில், ஏழைக் குடும்பத்தின் 15 பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தவர். பள்ளிப் படிப்பை முடிக்க இயலவில்லை. இரயிலில் உணவு பரிமாறும் வேலை செய்தபோது, பயணிகள் விட்டுச் சென்ற பத்திரிகைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அடகுக் கடையில் பழைய காமிரா ஒன்றை வாங்கித் தாமே பழகினார். செயின்ட் பால் நகரில் செல்வப் பெண்டிர்க்கான துணிக்கடையொன்றில் நுழைந்து, ஆடைகளைப் படம் பிடித்துத் தருவதாகக் கேட்டார். கடைக்காரரின் மனைவி இசைந்தார். முதல்முறை எடுத்தவற்றில் ஒன்றைத் தவிர அனைத்தும், ஒன்றன்மேல் ஒன்று பதிந்து பாழாயின. மிஞ்சிய ஒன்றைப் பெரிதாக்கிக் கொண்டுபோய் வைத்தார், மறுவாய்ப்புக் கிடைத்தது. (ஒரு பாடத்தில் தவறியதும் வீட்டுக்குள் ஒளிந்துகொள்ளும் தம்பிமார் கவனிக்க.) குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸின் மனைவி மார்வா அப்படங்களைக் கண்டு, அவரைச் சிகாகோவுக்கு வருமாறு ஊக்கினார்.

1942இல் வாஷிங்டனில், அரசு அலுவலகத்தைத் துப்புரவு செய்துவந்த எல்லா வாட்சன் என்னும் அம்மையாரை, அமெரிக்கக் கொடியின் முன் துடைப்பத்துடன் நிறுத்தி அவர் எடுத்த படம் உலகப்புகழ் பெற்றது. அதே கை பின்னர் ‘வோக்’ ஏட்டுக்கு ஆடையலங்காரப் படங்களை எடுத்தது. 1948இல் ‘லைஃப்’ ஏட்டின் நிரந்தரப் புகைப்படக் கலைஞரான முதல் கறுப்பினத்தவர் அவரே. 1949இல் ஸ்ட்ராம்போலித் தீவில் நடிகை இங்கிரிட் பெர்க்மனையும் படமெடுத்தார். துடைப்பம் ஏந்தியவரையும் புகழ் ஏந்தியவரையும் அவர் ஒரே மதிப்புடன் நோக்கினார் என்பது நம் கருத்து. ஆயினும் 2006இல் அவர் மறையும்வரை ‘வோக்’ அட்டை அவருக்குக் கிட்டவில்லை.

கருவியிலும் ஓரவஞ்சனை இருந்தது. வண்ணப்பட அச்சுக்கூடங்களில் நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் நிறுவனம் வழங்கிய மாதிரி அட்டைகளில், நெடுங்காலம் வெள்ளைப் பெண்ணின் முகமே இருந்தது. அம்முகம் நன்கு வந்தால் அச்சு சரி. கறுத்த முகங்கள் கண்ணும் பல்லுமாக இருண்டு போயின. நம் ஊர்க் கதையும் ஒன்று உண்டு. பி.எட். விண்ணப்பத்துக்காகப் படமெடுக்கச் சென்றபோது, ஸ்டூடியோக்காரர் நாம் கேளாமலே பவுடர் டப்பாவை நீட்டினார். பின்னர் நெகடிவிலும் பென்சிலால் தீட்டி நம்மை வெளுக்கச் செய்தார். படத்தைப் பார்த்த நம் அன்னையார், “இது யாருப்பா?” என்றார்.

2018 செப்டம்பர் இதழில் பாடகி பியான்சேயின் அட்டைப்படத்தை எடுத்தவர் டைலர் மிட்செல், வயது 23. ‘வோக்’கின் 126 ஆண்டுகளில் அட்டைப்படம் எடுத்த முதல் கறுப்பினக் கலைஞர் அவர்தாம். தலையில் மலர்க்குவியல், ஒப்பனை குறைவு, தோலின் நிறம் உள்ளவாறே ஒளிர்கிறது. தாம் பாடத் தொடங்கிய நாளில், கறுப்பினத்தவர் முகம் போட்டால் இதழ் விற்காது என்று கூறப்பட்டதை அதே இதழில் பியான்சே நினைவுகூர்ந்தார். அவ்விதழுக்காக எடுத்த படங்களுள் ஒன்றை 2019இல் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் தேசிய உருவப்படக் கூடம் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது.

விழா முடிந்ததும் மலருக்காகக் குழுப்படம் எடுக்கப்படும் என்று செயலாளர் சீட்டு அனுப்பியிருக்கிறார். எடுக்கப் போகிறவன் நம் சங்கத்தில் படித்த மாணவன். அனைவரும் வாசற்படியில் வந்து நில்லுங்கள். முகத்தை அலம்பிக்கொண்டால் போதும், பவுடர் வேண்டாம்.