கொப்பிக்குள் இருக்கும் பாட்டு



பல்லேகலவில் பஸ் ஏறினால் பகலுக்குள் புசல்லாவைக்குப் போய்விடலாம். அங்கே ரொத்சைல்ட் தோட்டம் உங்களில் பலருக்குச் சொந்த ஊர். 1841இல் அந்தத் தோட்டத்தைத் தொடங்கியவர்கள் மோரிஸ், கேப்ரியல் டி வோம்ஸ் என்ற யூதச் சகோதரர்கள். ரொத்சைல்ட் வீட்டு மகள் வயிற்றுப் பிள்ளைகள். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை போட்ட 1867க்கு முன்பே சீனத் தேயிலைக் கன்றை அங்கே நட்டுப் பார்த்தவர்கள். ரொத்சைல்ட் குடும்பத்தின் கடிதங்களுக்கும் கணக்குகளுக்கும் லண்டனில் தனி ஆவணக்காப்பகம் இருக்கிறது. அந்த மலையில் காடு வெட்டிய நம் பாட்டன் பூட்டிகளுக்கு எது இருக்கிறது?

பணம் இருந்ததால் காப்பகம் வந்தது என்று எண்ணிவிடாதீர்கள். கொச்சியைப் பாருங்கள். அங்கிருந்த யூதப் பெண்கள் கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும் மலையாளத்தில் பாடினார்கள். பாட்டுகளைக் கொப்பியில் எழுதி மகளுக்குக் கொடுத்தார்கள். 1950களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போனபோது கொப்பிகளும் கூடப் போயின. ஆய்வாளர்கள் அவற்றைத் தேடிப் பிரதி எடுத்தார்கள், பாட்டிமாரின் குரலைப் பதிந்தார்கள். 2004இல் எருசலேமில் அந்தப் பாட்டுகள் இசைத்தட்டாக வந்தன.

இன்று லிதுவேனியாவில் இருக்கும் வில்னா நகரத்துக் கதை இன்னும் கனமானது. 1925இல் அங்கே தொடங்கிய யிவோ என்ற யூத ஆய்வு நிறுவனத்துக்குச் சாதாரண சனங்கள்தான் ஊர் ஊராகப் பழமொழியும் பாட்டும் கதையும் சேர்த்து அனுப்பினார்கள். நாஜிகள் வந்து, நூல்களைத் தரம் பிரிக்கும் வேலைக்கு யூதர்களையே பிடித்துப் போட்டார்கள். அவர்களில் இருந்த அறிஞர்களும் கவிஞர்களும் தாள்களை உடுப்புக்குள் மறைத்துக் கடத்தினார்கள். பிடிபட்டால் சாவு! அப்படித் தப்பியவையும், நியூயோர்க்கிலும் லிதுவேனியாவிலும் பிரிந்து கிடந்தவையும் ஒன்றாகி, 2022இல் சுமார் 41 இலட்சம் பக்கங்களாக இணையத்தில் ஏறின. இன்று நம் பிள்ளை தன் போனிலேயே அவற்றைப் பார்க்கலாம்.

நமக்கும் வழி இருக்கிறது. சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டுப் பாடல்களைத் தொகுத்துத் தந்தார். நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்துத் தமிழ் எழுத்தை மின்வடிவில் காக்கிறது. ஆனால் காமன் கூத்துப் பாட்டும், கொழுந்து மலையில் பாடியதும், இழவு வீட்டு ஒப்பாரியும் இன்னும் பெரும்பாலும் நம் ஆத்தாமாரின் தொண்டையில்தான் இருக்கின்றன. அவர்கள் போனால் பாட்டும் போய்விடும். லயத்துப் பெட்டியில் கிடக்கும் பழைய துண்டுச் சீட்டும் கடிதமும் கறையானுக்குப் போகின்றன.

ஆகவே இந்தப் பாட்டுகளை நாமே பதிய வேண்டும். பதிவு செய்யும்போது பாடியவர் பெயர், தோட்டம், டிவிசன், யாரிடம் கற்றார் என்பதையும் சேர்த்துப் பதியுங்கள். அவர் சம்மதத்தைக் கேட்டுப் பதியுங்கள். அந்த விவரம் இல்லாத பாட்டு, விலாசம் இல்லாத கடிதம்.

இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் அப்பாயியையோ அம்மாயியையோ உட்காரவைத்து ஒரு பாட்டாவது பாடச் சொல்லிப் பதிந்துவிடுங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.