யதீம் பிள்ளைகளின் பெயரால்

(குடும்பக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





நம் கொல்லிமலைக்கு மூலிகை தேடியும் சித்தர்களைத் தேடியும் வெளியூர்க்காரர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். தீராத நோயைத் தீர்க்கிறேன் என்று யார் சொன்னாலும் கூட்டம் கூடிவிடுகிறது. அதனால்தான் திருச்சிப் பக்கம் நடந்த ஒன்றை நினைவூட்டுகிறேன். எந்தச் சமயத்தையும் குறை சொல்வதற்காக அல்ல.

பிரேமானந்தா இலங்கை மாத்தளையில் பிறந்தவர். 1983 கலவரத்துக்குப் பின் தமிழகம் வந்தார். திருச்சியை அடுத்த பாத்திமா நகரில் ஆசிரமம் அமைத்தார். வெறுங்கையில் விபூதி வரவழைத்தார். வாயிலிருந்து லிங்கம் எடுத்தார். வெளிநாடுகளிலிருந்தும் பக்தர்கள் வந்தார்கள். ஆதரவற்ற பிள்ளைகளை வளர்க்கிறார் என்ற நற்பெயர் அதைவிடப் பெரிது.

அந்த நற்பெயரே திரையானது. 1994ல் அங்கிருந்து தப்பிய பெண்கள் வாய் திறந்த பிறகே உண்மை வெளிவந்தது. 13 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்ததற்கும் ஒரு கொலைக்கும் 1997ல் புதுக்கோட்டை நீதிமன்றம் இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. மரபணுப் பரிசோதனையும் சாட்சியானது. 2005ல் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. 2011ல் கைதியாகவே இறந்தார்.

நம்மிடம் இப்படி நடக்காது என்று எண்ணிவிட வேண்டாம். ஹிஜ்ரி 1400 முஹர்ரம் முதல் நாள், அதாவது 1979 நவம்பர் 20 அன்று, மக்கா ஹரமுக்குள்ளேயே ஓர் ஆயுதக் கூட்டம் தங்களில் ஒருவரை மஹ்தி என்று அறிவித்தது. அவர் சண்டையில் கொல்லப்பட்டார். இரண்டு வார முற்றுகையில் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள்.

கலீஃபா அபூபக்கர் (ரலி) அவர்கள் பொறுப்பேற்றவுடன், தாம் தவறினால் திருத்துமாறு மக்களிடம் கேட்டுக்கொண்டார்கள். அவர்களே கேள்விக்கு உட்பட்டவர்கள் என்றால், இன்று கேள்விக்கு அப்பாற்பட்டவர் யார்?

ஆகவே தாயத்து எழுதுபவர், விடுதி நடத்துபவர், எங்கள் அறக்கட்டளை, யாராக இருந்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். அங்கே இருக்கும் பிள்ளை உங்களோடு தனியாகப் பேச முடிகிறதா? நினைத்த நாளில் வீட்டுக்கு வர முடிகிறதா? நீங்கள் தந்த ஜகாத்துக்கும் ஸதகாவுக்கும் கணக்குக் காட்டுகிறார்களா? பேசவோ வரவோ தடை இருந்தால் அன்றே பிள்ளையை அழைத்து வந்துவிடுங்கள். கணக்கு இல்லையென்றால் பணம் தராதீர்கள்.

பிள்ளை ஏதேனும் சொன்னால், "பெரியவரைப் பற்றி அப்படிப் பேசாதே" என்று வாயை அடைக்காதீர்கள். முழுவதும் கேளுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். கேட்க ஆள் இல்லாத யதீம் பிள்ளைக்கு நாம்தான் ஆள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.