ஆடுகளை யாரிடம் விட்டுப் போகிறோம்?



சில மாதங்களுக்கு முன் ஓர் இளம்பெண் பங்கு இல்லத்துக்கு வந்தார். தனியார் மருத்துவமனை ஒன்றில் செவிலியர். சம்பளம் குறைவு, படிப்புக்கு வாங்கிய கடன் பாக்கி. ஜெர்மனிக்குப் போவதற்காக மொழித் தேர்வுக்குப் படித்து வந்தார்.

"ஃபாதர், ஒரு விஷயம் மனச அறுக்குது" என்று ஆரம்பித்தார். இரவுப் பணி. வார்டு அமைதியாக இருந்ததால் கைப்பேசியில் பாடம் கேட்டிருக்கிறார். ஒரு பாட்டிக்கு ஏறிக்கொண்டிருந்த குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்து, குழாயில் இரத்தம் ஏறிவிட்டது. பாட்டிக்கு ஆபத்து ஒன்றும் இல்லை. "ஆனா அவங்க என்னைக் கூப்பிட்டிருக்காங்க, ஃபாதர். என் காதுல ஹெட்போன்." சொல்லி அழுதார். மற்றவர்களுக்கும் சொல்லுங்கள் என்று அவரே கேட்டுக்கொண்டதால் இதைச் சொல்கிறேன்.

வேறு வேலை தேடுவது பாவமா? இல்லை. உழைப்பவருக்கு நியாயமான ஊதியம் வேண்டும் என்பது திருச்சபையின் போதனை. நல்வாழ்வு தேடி வேறு நாட்டுக்குச் செல்லவும், திரும்பி வரவும் மனிதருக்கு உரிமை உண்டு என்று திருத்தந்தை 2ஆம் யோவான் பவுல், 1981இல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில் தெளிவாகச் சொல்கிறார். எனவே தேடுங்கள். ஆனால் தேடும் காலத்தில், கையில் இருக்கும் வேலையை எப்படிச் செய்வது?

தாவீதைப் பாருங்கள். சாமுவேல் அவரை அரசராகத் திருப்பொழிவு செய்துவிட்டார். அதைவிடப் பெரிய பணி நியமன ஆணை உண்டா? ஆனாலும் சவுல் ஆளனுப்பியபோது தாவீது எங்கே இருந்தார்? ஆடுகளோடுதான். அரண்மனையில் பணி கிடைத்த பிறகும், தந்தையின் ஆடுகளை மேய்க்கப் போய்வந்துகொண்டிருந்தார். கோலியாத்து நின்ற போர்க்களத்துக்குப் புறப்பட்ட அன்று, அதிகாலையில் எழுந்து, ஆடுகளைக் காவலாள் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் கிளம்பினார். சாமுவேல் முதல் நூல் 17ஆம் அதிகாரத்தில் இது ஒரே ஒரு வரி. நாம் கவனிக்காமல் கடந்துபோகும் வரி.

சிலர் கேட்பீர்கள்: "இவ்வளவு குறைவாகச் சம்பளம் தரும் நிர்வாகத்துக்கு நான் ஏன் உண்மையாக இருக்க வேண்டும்?" கோபம் நியாயமாக இருக்கலாம். ஆனால் அந்த இரவில் கூப்பிட்டது நிர்வாகம் அல்ல, பாட்டி. நாம் மனம் தளர்ந்து வேலை செய்யும்போது அடி விழுவது பெரும்பாலும் முதலாளிக்கு அல்ல. நோயாளிக்கு, வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு, நம் பங்கையும் சேர்த்துச் சுமக்கும் சக ஊழியருக்கு.

ஆகவே மூன்று காரியங்கள். ஒன்று, தேடலுக்கென்று ஒரு நேரம் ஒதுக்குங்கள். அது வேலை நேரமாக இருக்க வேண்டாம். இரண்டு, நேர்முகத் தேர்வுக்குப் போகப் பாட்டியைச் சாகடிக்காதீர்கள். முறைப்படி ஒருநாள் விடுப்பு எடுங்கள். காரணத்தை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை, பொய் சொல்லாமல் இருந்தால் போதும். மூன்று, வேலை கிடைத்ததும் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். அறிவிப்புக் காலத்தை முடித்து, பொறுப்பை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு வாருங்கள். தாவீதுக்கு ஒரு காவலாள் இருந்ததுபோல, உங்கள் ஆடுகளுக்கும் ஒருவர் இருக்கட்டும்.

அந்தப் பெண் இப்போது பணிக்குள் நுழையும்போதே கைப்பேசியைப் பையில் வைத்துவிடுகிறார். பேருந்திலும், விடுமுறை நாட்களிலும் படிக்கிறார். தேர்வில் ஒரு பகுதி தேறவில்லை. மறுபடி எழுதப் போகிறார். இன்று இரவும் அதே வார்டில்தான் இருப்பார்.

ஆண்டவரே, வேலை தேடி அலையும் எம் பிள்ளைகளுக்கு வழி திறந்தருளும். அந்த வழி திறக்கும்வரை, இன்று எங்களை நம்பியிருப்பவர்களின் குரல் எங்கள் காதில் விழச் செய்தருளும். ஆமென்.